ஏழையின் வக்காலத்து யார் கையில்



இந்தியாவில் இலவச சட்ட உதவி குறித்து நடந்துவரும் பேச்சு பெரும்பாலும் அதைப் பெறுவோரைச் சுற்றியே அமைந்திருக்கிறது. தகுதியுடையோர் யார், வருமான வரம்பு எவ்வளவு, ஆண்டில் எத்தனை பேர் பயனடைந்தனர், மக்கள் நீதிமன்றங்களில் எத்தனை வழக்குகள் முடிந்தன என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை தேடப்படுகிறது. ஆனால் அந்த உதவியை வக்காலத்தாக ஏற்று நீதிமன்றத்துக்குள் நுழையும் வழக்குரைஞர் யார், அவர் எந்த வயதினர், ஆணா பெண்ணா, எத்தகைய குடும்பத்திலிருந்து வந்தவர், அவருடைய ஒரு நாளில் கட்டணம் தரும் கட்சிக்காரருக்கு எவ்வளவு நேரமும் கட்டணம் தர இயலாதவருக்கு எவ்வளவு நேரமும் போகின்றன என்பவை அதே அக்கறையோடு கேட்கப்படுவதில்லை. சட்ட உதவியின் தரம் சட்டத்தின் வாசகத்தைக் காட்டிலும் இந்தக் கேள்விகளுக்கான விடைகளையே பெரிதும் சார்ந்திருக்கிறது என்பதும், தொழிலின் ஓரத்தில் செய்யப்படும் கூடுதல் வேலையாக இருக்கும்வரை அது ஏழைக்கு முழுமையாகக் கிடைக்காது என்பதும் இவ்வுரை முன்வைக்கும் கருத்து.

இலவச சட்ட உதவி உரிமை உருவான வரலாறு இந்தப் பட்டமளிப்பு விழா அவையினருக்குப் புதியதன்று என்பதால் அதைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 1976-இல் நிறைவேறிய 42-ஆவது அரசமைப்புத் திருத்தம் 39அ என்னும் உறுப்பைச் சேர்த்து, பொருளாதாரக் குறைபாட்டாலோ வேறு இயலாமையாலோ எந்தக் குடிமகனுக்கும் நீதி மறுக்கப்படாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அரசின்மீது வைத்தது. அதற்கு முன்பே, 1973-இல், நீதிபதி வி. ஆர். கிருஷ்ண ஐயர் தலைமையிலான குழு ஏழைகளுக்கான சட்ட உதவி பற்றி விரிவான அறிக்கை அளித்திருந்தது. தலைச்சேரியில் விவசாயிகளுக்கும் தொழிலாளர்களுக்கும் வழக்காடிய வழக்குரைஞராகவும், 1952-இல் சென்னை மாநிலச் சட்டமன்ற உறுப்பினராகவும், பின்னர் கேரளத்தின் முதல் அமைச்சரவையில் சட்ட அமைச்சராகவும் இருந்தவர் என்பதால், நீதிமன்றப் படியேறும் ஏழை எங்கே தடுக்கி விழுகிறான் என்பதை அவர் நேரில் அறிந்திருந்தார். 1979-இல் உசைனாரா காத்தூன் வழக்கில், பீகார்ச் சிறைகளில் விசாரணையே இன்றி ஆண்டுக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தோரின் நிலையைக் கண்ட உச்ச நீதிமன்றம், இலவச சட்ட உதவி 21-ஆவது உறுப்பு உறுதியளிக்கும் வாழ்வுரிமையின் பகுதி என்று அறிவித்தது. அந்த மனுவைக் கொண்டுசென்றவர் புஷ்பா கபிலா ஹிங்கோரானி என்ற பெண் வழக்குரைஞர். 1981-இல் காத்ரி வழக்கு, குற்றம் சாட்டப்பட்டவர் முதன்முறையாக நடுவர்முன் நிறுத்தப்படும்போதே இவ்வுரிமை பிறக்கிறது என்றது. 1986-இல் சுக் தாஸ் வழக்கில், இலவச வழக்குரைஞர் கிடைப்பார் என்ற தகவலே சொல்லப்படாமல் நடந்த விசாரணையின் தண்டனை ரத்து செய்யப்பட்டது. 1987-இல் இயற்றப்பட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் 1995 நவம்பர் 9-ஆம் நாள் நடைமுறைக்கு வந்து, தேசிய ஆணைக்குழுவிலிருந்து வட்ட அளவிலான குழு வரை ஓர் அமைப்பை எழுப்பியது.

அச்சட்டத்தின் 12-ஆவது பிரிவு தாராளமானது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர், பேரிடரால் பாதிக்கப்பட்டோர், ஆள்கடத்தலுக்கு இரையானோர், காவலில் வைக்கப்பட்டோர் ஆகிய எவருக்கும் வருமான வரம்பே கிடையாது. மற்றவர்களுக்கு மட்டுமே மாநில அரசுகள் வரம்பு வகுக்கின்றன. நாட்டு மக்களில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் இந்தப் பிரிவின் கீழ் தகுதி பெறுவர் என்று பொதுவாகக் கணிக்கப்படுகிறது. இத்தனை பெரிய மக்கள்திரளுக்கு எதிரே நிற்பவர்கள் யார் என்பதை இனிக் காண வேண்டும்.

சட்ட உதவி வழங்கும் வழக்குரைஞர்களில் நெடுங்காலமாகப் பெரும்பான்மையோர் ‘பேனல் வழக்குரைஞர்’ எனப்படுவோர். தனியாகத் தொழில் நடத்திக்கொண்டே, மாவட்ட ஆணைக்குழுவின் பெயர்ப்பட்டியலில் இடம்பெற்று, ஒதுக்கப்படும் வழக்குகளை நடத்தி, வழக்கின் கட்டத்துக்கு ஏற்ப ஆணைக்குழுவிடம் மதிப்பூதியம் பெறுவோரையே இச்சொல் குறிக்கிறது. 2010-ஆம் ஆண்டின் தேசிய ஆணைக்குழு ஒழுங்குமுறைகள் இப்பட்டியலில் சேரக் குறைந்தது மூன்றாண்டு அனுபவம் வேண்டும் என்றும், பயனாளியிடம் வழக்குரைஞர் எந்தக் கட்டணமும் கேட்கவோ பெறவோ கூடாது என்றும், வழக்கின் போக்கைக் கண்காணிக்க ஒரு குழு இருக்க வேண்டும் என்றும் விதித்தன. காமன்வெல்த் மனித உரிமைகள் முன்முயற்சி என்ற அமைப்பு 2018-இல் வெளியிட்ட ஆய்வு நாடெங்கும் 61,593 பேனல் வழக்குரைஞர்கள் இருந்ததாகக் கணக்கிட்டது; அதாவது 18,609 பேருக்கு ஒருவர். எண்ணிக்கையைப் பார்த்தால் இது அவ்வளவு மோசமன்று. சிக்கல் எண்ணிக்கையில் இல்லாமல், அந்த ஒருவர் எத்தகையவர், எவ்வாறு வேலை செய்கிறார் என்பதில் இருக்கிறது.

முதலில் வயது. பட்டியலில் சேர விண்ணப்பிப்போரில் கணிசமானோர் தொழிலின் முதல் பத்தாண்டில் இருப்பவர்கள். இதற்கான காரணத்தை விளக்க, சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் பிறப்பித்த ஓர் உத்தரவைச் சொன்னால் போதும். சென்னை, மதுரை, கோயம்புத்தூர் நகரங்களில் தொழில் செய்யும் ஜூனியர்களுக்கு மாதம் குறைந்தது 20,000 ரூபாயும் பிற இடங்களில் 15,000 ரூபாயும் சீனியர்கள் தர வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்புமாறு தமிழ்நாடு, புதுச்சேரி வழக்குரைஞர் மன்றத்துக்கு நீதிமன்றம் ஆணையிட வேண்டியிருந்தது. ஒரு சீனியரின் அலுவலகத்தில் காலையிலிருந்து இரவுவரை உழைத்தும் கைக்கு ஒன்றும் வராத ஆண்டுகள் பலருடைய வாழ்விலும் உண்டு என்பதாலேயே நீதிமன்றம் தலையிட நேர்ந்தது. தந்தையோ மாமனோ ஏற்கெனவே வழக்குரைஞராக இருக்கும் குடும்பத்துப் பிள்ளை அந்த ஆண்டுகளைத் தாண்டிவிடுகிறார். கூலி வேலை செய்து பிள்ளையைச் சட்டம் படிக்க வைத்த குடும்பத்திலிருந்து வந்தவருக்கு அது இயலாது. தொழிலுக்குள் நுழையும் வாசலே விலைபேசப்பட்ட காலமும் இருந்தது. மாநில வழக்குரைஞர் மன்றங்கள் பதிவுக் கட்டணமாகப் பல்லாயிரம் ரூபாய் வாங்கிவந்ததை 2024 ஜூலையில்தான் உச்ச நீதிமன்றம் தடுத்து, வழக்குரைஞர் சட்டம் குறிப்பிட்ட 750 ரூபாய்க்கு மேல், பட்டியல் சாதியினரிடமும் பழங்குடியினரிடமும் 125 ரூபாய்க்கு மேல், வாங்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. இத்தனை தடைகளையும் கடந்து வந்த முதல் தலைமுறை வழக்குரைஞருக்குச் சட்ட உதவிப் பட்டியல் என்பது, கட்சிக்காரரைத் தேடித்தரும் உறவினரோ சாதிச் சங்கமோ இல்லாமலேயே வழக்கு கிடைக்கும் ஒரே இடமாக அமைந்துவிடுகிறது.

இதன் பலன் இருவகைப்பட்டது. ஏழையின் துன்பத்தைத் தன் வீட்டிலேயே கண்டு வளர்ந்த ஒருவர் ஏழைக்காக வாதாட வருவது சட்ட உதவிக்குக் கிடைத்த பேறு. ஆனால் அவருக்குத் தொழில் கைவந்து, தனிப்பட்ட வழக்குகள் பெருகத் தொடங்கும் வேளையில் பட்டியலை விட்டுப் போய்விடுகிறார். அவரிடத்தில் அடுத்த இளையவர் வந்து அமர்கிறார். குறுக்கு விசாரணை செய்யக் கற்றவர் அந்தக் கல்வியின் பயனைக் கட்டணம் தருவோருக்குக் கொண்டுபோக, கற்றுக்கொள்ளும் காலம் மட்டும் ஏழையின் வழக்குகளில் கழிகிறது. இதில் தனிமனிதர் எவரையும் குறைகூற இடமில்லை. தொழிலின் அமைப்பே அவர்களை அவ்வாறு நடத்துகிறது.

இங்கிலாந்திலும் வேல்சிலும் இதற்கு நேர்மாறான வயதுக் கோலம் காணப்படுவது ஒப்பிடத்தக்கது. அங்கே காவல் நிலையத்தில் அடைக்கப்பட்டவருக்கு முறை வைத்து உதவ வரும் வழக்குரைஞர்களின் சராசரி வயது 47 என்று அந்நாட்டுச் சட்டத்தொழிலர் சங்கம் 2018-இல் கண்டது. சட்ட உதவிக் கட்டணம் ஏறத்தாழக் கால்நூற்றாண்டாக உயராமல் நின்றதால் இளையோர் அந்தப் பக்கமே வராமல் போக, இருந்தவர்கள் முதுமையடைந்துகொண்டே வந்தார்கள். 2022-இல் குற்றவியல் வழக்குரைஞர்கள் அங்கே வேலைநிறுத்தமே செய்து, 15 விழுக்காடு உயர்வைப் பெற்ற பின்னரே மன்றுக்குத் திரும்பினார்கள். இந்தியாவில் இளையோர் நிரம்பியிருப்பதும் இங்கிலாந்தில் முதியோர் நிரம்பியிருப்பதும் ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றினாலும் இரண்டுக்கும் வேர் ஒன்றே: சட்ட உதவியை நம்பி ஒருவர் நடுவயதுவரை குடும்பம் நடத்த முடியாது.

அடுத்து, பாலினம். இந்தியப் பெண்கள் வழக்குரைஞராகத் தொழில் செய்ய இருந்த தடையை 1923-ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கி ஒரு நூற்றாண்டு கடந்துவிட்டது. ஆயினும் 2022-இல் அன்றைய இந்தியத் தலைமை நீதிபதி என். வி. ரமணா எடுத்துக்காட்டியபடி, பதிவுசெய்த ஏறத்தாழ 17 லட்சம் வழக்குரைஞர்களில் பெண்கள் 15 விழுக்காட்டினர் மட்டுமே. சட்ட உதவிப் பட்டியலில் நிலை சற்று மேலானது. மாநிலங்களின் நீதித்துறைச் செயல்பாட்டை அளவிடும் இந்திய நீதி அறிக்கையின் 2022-ஆம் ஆண்டுப் பதிப்பு காட்டியபடி பேனல் வழக்குரைஞர்களில் பெண்கள் ஏறத்தாழ 25 விழுக்காடு; சிற்றூர்களில் மக்களையும் ஆணைக்குழுவையும் இணைக்கும் ‘சட்டம் சார்ந்த தன்னார்வலர்’ எனப்படுவோரில் அவர்கள் பங்கு 40 விழுக்காட்டை ஒட்டியிருந்தது. மேலே போகப்போகப் பெண்கள் குறைவதும், ஊதியம் மிகக் குறைந்த அடுக்கில் மிகுதியாக இருப்பதும் இந்த மூன்று எண்களையும் அடுத்தடுத்து வைத்தாலே தெரியும்.

பட்டியலில் பெண்களின் பங்கு மிகுந்திருப்பதற்குத் தொழில் நடக்கும் விதமே விளக்கம் தருகிறது. தனிப்பட்ட வழக்குகள் இரவு எட்டு மணிக்கு மேல் சீனியரின் அலுவலகத்தில், காவல் நிலைய வாசலில், சார்பதிவாளர் அலுவலகத்துப் பழக்கத்தில், ஊர்ப் பெரியவரின் பரிந்துரையில் பிறக்கின்றன. அந்த இடங்களில் ஆண்களுக்குக் கிடைக்கும் நடமாட்டம் பெண்களுக்குக் கிடைப்பதில்லை. சட்ட உதவிப் பட்டியலிலோ விண்ணப்பம், தகுதி, நேர்காணல் என்று திறந்த வழி ஒன்று இருக்கிறது. அவ்வழியே வந்த பெண் வழக்குரைஞருக்குப் பெரும்பாலும் எவ்வகை வழக்குகள் ஒதுக்கப்படுகின்றன என்பதைத்தான் ஆணைக்குழுக்கள் கவனிக்க வேண்டும். ஜீவனாம்ச மனுவும், 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்ட மனுவும், குழந்தையின் பாதுகாப்புரிமை வழக்கும் அவரிடம் வருவது இயல்பே. பல கட்சிக்காரப் பெண்கள் அவரைத்தான் விரும்பிக் கேட்கிறார்கள். ஆனால் கொலை வழக்கின் அமர்வு விசாரணை அவரைத் தேடி வராவிட்டால், பத்தாண்டுக்குப் பின்னும் அவர் குற்றவியல் அனுபவம் இல்லாதவர் என்றே எழுதப்படுவார், அனுபவம் கேட்கும் பதவிகள் அவருக்கு மூடப்படும். திறந்த வாசலாக இருந்த பட்டியல் அவ்வாறு ஓரறைக்குள் முடிந்துவிடக் கூடாது.

இனி, வேலை நடக்கும் முறை. சட்ட உதவியின் உயிர் இதில்தான் இருக்கிறது என்பதால் இதை விரிவாகவே சொல்ல வேண்டும். மதிப்பூதியம் பெரும்பாலும் மனு, விசாரணை, வாதம் என்ற கட்டங்களுக்கு அளந்து தரப்படுவதாலும், சான்றுகள் இணைத்துக் கேட்டபின் காலம் கடந்து வருவதாலும், பட்டியல் வழக்குரைஞரின் உழைப்பு நீதிமன்றத்தில் ஆஜராகும் நிமிடங்களில் குவிகிறது. சிறைக்குச் சென்று கட்சிக்காரரைப் பார்ப்பது, சாட்சியைத் தேடி ஊருக்குப் போவது, பிரேதப் பரிசோதனை அறிக்கையை ஒரு மருத்துவரிடம் காட்டி விளக்கம் கேட்பது ஆகிய வேலைகளே எதிர்வாதத்தின் அடித்தளம். அவற்றுக்கோ ஊதியப் பட்டியலில் பெரிய இடமில்லை. காலையில் தனிப்பட்ட வழக்குகளுக்கு ஓடி, பிற்பகலில் சட்ட உதவி வழக்கின் கட்டைப் பிரித்து, எதிர்த்தரப்பு வாய்தா கேட்டால் மனநிறைவோடு சம்மதித்துத் திரும்பும் வழக்கம் இந்த ஏற்பாட்டிலிருந்து தானாகவே விளைகிறது. சிறைக்குள்ளிருந்து வரும் மேல்முறையீட்டில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். அங்கே வழக்குரைஞர் பார்ப்பது காகிதத்தை மட்டுமே, தண்டனை பெற்றவரின் முகத்தை ஒருமுறைகூடக் காணாமலே மேல்முறையீடு முடிந்துவிடக்கூடும்.

தில்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் 2016-இல் வெளியிட்ட மரண தண்டனை பற்றிய ஆய்வு இதற்கு வலிமையான சான்று. மரண தண்டனை பெற்ற 373 கைதிகளைப் பற்றிய அந்த ஆய்வு, அவர்களில் 74.1 விழுக்காட்டினர் பொருளாதாரத்தில் நலிந்தோர் என்று கண்டது. அவ்வளவு வறுமையிலும், விசாரணை நீதிமன்றத்திலும் உயர் நீதிமன்றத்திலும் 70 விழுக்காட்டுக்குச் சற்று மிகுந்தோர் தனியார் வழக்குரைஞரையே வைத்திருந்தனர். இலவசமாக வழக்குரைஞர் கிடைப்பார் என்று தெரிந்தும் நிலத்தை விற்று, நகையை அடகு வைத்து, கடன்பட்டு ஒரு குடும்பம் வேறொருவரைத் தேடுகிறது என்றால், சட்ட உதவியின்மீது ஏழைக்கு உள்ள மதிப்பீட்டை அதைவிடத் தெளிவாக எந்தக் கருத்துக்கணிப்பும் சொல்லாது. பணம் கொடுத்தும் அவர்களுக்குக் கிடைத்தது பெரிதாக மேம்பட்டதன்று. விசாரணை நீதிமன்ற வழக்குரைஞரைப் பற்றிப் பேசிய கைதிகளில் முக்கால் பங்கினருக்கும் மேலானோர், நீதிமன்றத்துக்கு வெளியே அவரைச் சந்தித்ததே இல்லை என்றனர்.

அவசரமாகப் பொறுப்பேற்பதன் ஆபத்தை 2019-இல் அனோகிலால் வழக்கு காட்டியது. மரண தண்டனையில் முடிந்த அந்த வழக்கில் குற்றச்சாட்டு வனையப்பட்ட அதே நாளில்தான் சட்ட உதவி வழக்குரைஞர் நியமிக்கப்பட்டிருந்தார். கட்டைப் படிக்கவும் கைதியோடு பேசவும் அவருக்கு நேரமே தரப்படவில்லை என்று கண்ட உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்து புதிதாக விசாரிக்க உத்தரவிட்டது. ஆயுள் அல்லது மரண தண்டனைக்கு இடமுள்ள வழக்குகளில் குறைந்தது பத்தாண்டு அனுபவமுள்ளவரையே நியமிக்கக் கருத வேண்டும், தயாரிப்புக்குக் குறைந்தது ஏழு நாள் பொதுவாகப் போதுமெனக் கொள்ளலாம் என்று அது வகுத்த நெறிகள் ஒவ்வோர் இளம் வழக்குரைஞரும் மனத்தில் வைக்கத் தக்கவை. கட்டு கையில் தரப்பட்ட அன்றே விசாரணையைத் தொடங்க நீதிமன்றம் அழைத்தால், அவகாசம் கேட்டு நிற்பதும் கட்சிக்காரருக்குச் செய்யும் வேலைதான்.

பெரிய வழக்குகளைக் காட்டிலும் அன்றாடச் சிறு வழக்குகளில்தான் சட்ட உதவி வழக்குரைஞரின் விழிப்பு மிகுதியான மனிதர்களைத் தொடுகிறது. 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்த ஏறத்தாழ 5.73 லட்சம் பேரில் 4.34 லட்சம் பேர், அதாவது நான்கில் மூவர், விசாரணைக் கைதிகள். குற்றம் இன்னும் மெய்ப்பிக்கப்படாதவர்கள். இன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 187-ஆவது பிரிவு, குற்றத்தின் தன்மைக்கேற்ப 60 அல்லது 90 நாளுக்குள் இறுதி அறிக்கை தாக்கலாகாவிட்டால் பிணை பெறும் உரிமையைத் தருகிறது. 61-ஆம் நாளோ 91-ஆம் நாளோ மனுவை நீட்டும் வழக்குரைஞர் இருந்தால் அந்தக் கைதி வெளியே வருகிறார். மனு நீட்டப்படுவதற்குள் அறிக்கை தாக்கலாகிவிட்டால் அந்த உரிமை போய்விடுகிறது. வாதத் திறமை எதுவும் வேண்டாத இந்த வேலைக்கு நாட்காட்டியில் தேதியைக் குறித்துவைக்கும் அக்கறை ஒன்றே வேண்டும். அதே சட்டத்தின் 479-ஆவது பிரிவின்படி, மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ இடமில்லாத குற்றத்தில், விதிக்கப்படக்கூடிய உச்சத் தண்டனைக் காலத்தின் பாதியைச் சிறையிலேயே கழித்தவரையும், முன்னர் எந்தக் குற்றத்திலும் தண்டனை பெறாதவரானால் மூன்றில் ஒரு பங்கைக் கழித்தவரையும் விடுவிக்க வழியுண்டு. பிணை கிடைத்தபின்னும் வேலை முடிவதில்லை. ஜாமீன்தாரர் கிடைக்காமலும் கட்டப் பணமில்லாமலும் உள்ளேயே இருப்போர் பலர் என்பதால், உத்தரவு வந்து ஏழு நாளுக்குள் ஒருவர் விடுதலையாகாவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்ட ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் நெறிப்படுத்தியது. அந்தத் தகவலைப் பெற்று அந்தக் குடும்பத்தைத் தேடிப்போகும் தன்னார்வலரும், நிபந்தனையைத் தளர்த்த மனுப்போடும் வழக்குரைஞரும் இருந்தால்தான் அந்நெறி உயிர்பெறும். தன்னார்வலர் எண்ணிக்கையோ 2019-க்கும் 2024-க்கும் இடையே 38 விழுக்காடு குறைந்துவிட்டதாக இந்திய நீதி அறிக்கையின் 2025-ஆம் ஆண்டுப் பதிப்பு சொல்கிறது. இது மிகவும் வருந்தத்தக்கது.

பகுதிநேர வேலை என்ற குறையை உணர்ந்தே தேசிய ஆணைக்குழு 2022-இல் சட்ட உதவிப் பாதுகாப்பு வழக்குரைஞர் முறையை நாடெங்கும் விரித்தது. மாவட்டந்தோறும் ஓர் அலுவலகம் அமைத்து, தனிப்பட்ட வழக்கு எதையும் நடத்தாமல் முழுநேரமும் குற்றவியல் சட்ட உதவி மட்டுமே செய்வோரை அதில் அமர்த்துவது இம்முறை. தலைமை வழக்குரைஞருக்குக் குற்றவியலில் பத்தாண்டு அனுபவம், துணை வழக்குரைஞருக்கு ஏழாண்டு, உதவி வழக்குரைஞருக்கு மூன்றாண்டு வரையான தொடக்க அனுபவம் என்று தகுதிகள் வகுக்கப்பட்டன. இன்று 600-க்கும் மேற்பட்ட மாவட்டங்களில் இவ்வலுவலகங்கள் இயங்குகின்றன. இந்திய விடுதலைக்குப் பின் சட்ட உதவியில் நிகழ்ந்த மாற்றங்களில் இதுவே மிகப் பெரியது எனக் கருத இடமுண்டு. ஏனெனில், ஏழைக்கு எதிர்வாதம் செய்வதே முழுத் தொழிலாகக் கொண்ட ஒரு வகுப்பினர் அதற்கு முன் நாடளாவிய அளவில் இருந்ததில்லை. ஒரே கூரையின்கீழ் மூத்தவரும் இளையவரும் இருப்பதால், சீனியரின் அலுவலகத்தில் இடம் கிடைக்காத முதல் தலைமுறைப் பட்டதாரி ஊதியத்தோடு தொழில் கற்க இடமும் பிறந்திருக்கிறது.

ஆயினும் இம்முறையில் இரண்டு குறைகள் வெளிப்படையாகத் தெரிகின்றன. இப்பணி இரண்டாண்டு ஒப்பந்தம். செயல்பாட்டைப் பார்த்து ஆண்டுக்கு ஆண்டு நீட்டிக்கப்படுவது. நடுவர் மன்றங்களில் அரசுத் தரப்பில் நிற்கும் அரசு உதவி வழக்கு நடத்துநரைத் தமிழ்நாட்டில் அரசுப் பணியாளர் தேர்வாணையம் தேர்வு வைத்து எடுக்கிறது. அவருக்குப் பதவி உயர்வு உண்டு, ஓய்வுகாலப் பாதுகாப்பு உண்டு. எதிரே நிற்கும் உதவி வழக்குரைஞருக்கோ அடுத்த ஆண்டு இருப்போமா என்பதே உறுதியில்லை. குற்றம் சாட்டும் தரப்பையும் குற்றம் சாட்டப்பட்டவரின் தரப்பையும் சமமாக நடத்துவதாகச் சொல்லும் ஓர் அரசு இந்த வேறுபாட்டை நெடுங்காலம் வைத்திருக்க முடியாது, வைத்திருக்கவும் கூடாது.

மற்றொரு குறை சுதந்திரம் பற்றியது. மாவட்ட ஆணைக்குழுவின் தலைவர் முதன்மை மாவட்ட நீதிபதி. பாதுகாப்பு வழக்குரைஞரைத் தேர்ந்தெடுக்கும் குழுவுக்கும் அவரே தலைமை. அதே வழக்குரைஞர் அதே நீதிபதியின்முன், தேவையானால் அந்த நீதிபதியே விரும்பாத மனுவைப் போட்டு, சாட்சியை மீண்டும் அழைக்கக் கேட்டு, விரைவாக முடிக்கச் சொல்லும் நெருக்கடிக்கு இணங்காமல் நிற்க வேண்டியவர். நீதிபதிகள் நேர்மையானவர்களாக இருந்தாலும், பணி நீட்டிப்பு யாருடைய கையில் இருக்கிறதோ அவர்முன் பிடிவாதமாக நிற்பது மனித இயல்புக்கு எளிதன்று. நியமனத்தையும் மதிப்பீட்டையும் வழக்கை விசாரிக்கும் நீதிபதியிடமிருந்து பிரித்து, மூத்த வழக்குரைஞர்களும் கல்வியாளர்களும் அடங்கிய தனிக் குழுவிடம் தருவதற்குச் சட்டத்தில் பெரிய மாற்றம்கூடத் தேவைப்படாது. மதிப்பீட்டின் அளவுகோலும் மாற வேண்டும். எத்தனை வழக்குகள் முடிந்தன என்ற எண் மட்டும் கேட்கப்பட்டால், குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்து கட்டை மூடும் வழக்குரைஞரே சிறந்தவராகத் தோன்றுவார்.

பணத்தைப் பற்றி ஒரு சொல். தலைக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ ஆறு ரூபாய்தான் நாட்டில் சட்ட உதவிக்குச் செலவாகிறது என்று இந்திய நீதி அறிக்கையின் 2025-ஆம் ஆண்டுப் பதிப்பு கணக்கிடுகிறது. இவ்வுரையில் இதுவரை சொன்ன குறைகளில் பாதிக்கும் மேற்பட்டவை இந்த ஒரு தொகையிலிருந்து கிளைப்பவை.

சட்டக் கல்வி நிறுவனங்களுக்கும் இதில் நேரடிப் பொறுப்பு உண்டு. சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் மாணவர்களின் களப்பயிற்சியோடு சேர்ந்த கல்வியை வளர்க்குமாறு ஆணைக்குழுவைப் பணிக்கிறது. கல்லூரிகளில் சட்ட உதவி மையங்களும் இருக்கின்றன. ஆண்டுக்கு ஒரு விழிப்புணர்வு முகாம், ஒரு பதாகை, ஒரு நிழற்படம் என்ற அளவில் அவை நின்றுவிடாமல், மாணவர் ஒருவர் பேராசிரியரின் மேற்பார்வையில் ஒரு விசாரணைக் கைதியின் கட்டை முதல் தகவல் அறிக்கையிலிருந்து பிணை உத்தரவுவரை தொடரும் இடமாக மாற வேண்டும். தன் மாவட்டத்துச் சட்ட உதவி வழக்குரைஞர்களில் பெண்கள் எத்தனை பேர், பட்டியல் சாதியினர் எத்தனை பேர், முதல் தலைமுறையினர் எத்தனை பேர், எவருக்கு எவ்வகை வழக்குகள் ஒதுக்கப்படுகின்றன என்று எண்ணிப் பார்க்கும் ஆய்வும் அம்மையங்களில் நடக்கலாம். பயனாளிகளைச் சாதி, பாலினம், காவல்நிலை என்று வகைபிரித்து ஆண்டுதோறும் கணக்கிடும் நாடு, அவர்களுக்காக நிற்போரையும் அதே கவனத்தோடு கணக்கிடக் கடமைப்பட்டிருக்கிறது.

இன்று பட்டம் பெறுவோரில் சிலர் பெரு நிறுவனங்களுக்கும், சிலர் நீதித்துறைப் பணிக்கும், சிலர் சீனியர்களின் அலுவலகங்களுக்கும் போவார்கள். ஒவ்வொரு வழிக்கும் அதற்குரிய மதிப்பு உண்டு. பாதுகாப்பு வழக்குரைஞர் அலுவலகத்தில் உதவி வழக்குரைஞர் பணிக்கு நெடிய அனுபவம் தேவையில்லை என்பதால், பதிவும் அகில இந்திய வழக்குரைஞர் தேர்வும் முடிந்ததும் விண்ணப்பிக்கக்கூடிய வாசல் அது. வகுப்பில் முதலிடம் பெற்றவர்களே அங்கு முதலில் செல்ல வேண்டும் என்பது இந்த மேடையின் விருப்பம். தனியே தொழில் நடத்துவோர் மூன்றாண்டு கழித்துப் பட்டியலில் பெயர் கொடுக்கலாம். பெயர் கொடுத்தபின் தொழில் பெருகினாலும் அதை விலக்கிக்கொள்ளாமல், ஆண்டுக்கு ஓர் அமர்வு வழக்கையேனும் ஜூனியரிடம் தள்ளிவிடாமல், குற்றச்சாட்டு வனைவதிலிருந்து தீர்ப்புவரை தாமே நடத்தலாம். நாளை நீதிபதிகளாக அமர்வோர், கட்டு கிடைத்த நாளிலேயே சாட்சி விசாரணையைத் தொடங்கச் சொல்லாமல், சட்ட உதவி வழக்குரைஞர் தம் கட்சிக்காரரைச் சிறையில் சந்தித்துவிட்டாரா என்பதை முதலில் கேட்டு, அந்த விடையை வழக்கின் நாட்குறிப்பில் பதிவுசெய்யலாம்.